‘பொன்னியின் செல்வ’னுக்கு இழைக்கப்பட்ட அநீதி எது?

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் திரைக்கு வந்தன. அன்று எழுந்த குற்றச்சாட்டு இன்னும் ஓயவில்லை. நாவலைப் படித்தவர்கள் நாலு பேர் கூடினால், அது தஞ்சாவூரானாலும் சரி, எங்கள் தேவிகுளமானாலும் சரி, ஒரே தீர்ப்புதான்: கல்கியின் கதையைக் கெடுத்துவிட்டார்கள்.

தீர்ப்புக்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். முதலாவது, நாவலில் இருப்பதை வெட்டிவிட்டார்கள், மாற்றிவிட்டார்கள்; மணிமேகலையைக் காணவில்லை, சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தைக் காணவில்லை, ஆதித்த கரிகாலனின் முடிவு வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாவது, ஐந்து பாக நாவலை இரண்டு படத்துக்குள் அடக்கியதே பிழை; ஐந்து படமாகவோ நீண்ட இணையத் தொடராகவோ எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது, புத்தகத்தைத் தொடாத தலைமுறை இந்தப் படத்தையே கல்கி என்றும் சோழர் வரலாறு என்றும் நம்பிவிடும்.

மூன்றையும் மறுக்கிறேன். படங்களில் குறையே இல்லை என்று வாதாடுவது என் நோக்கமில்லை. பெரிய குறை ஒன்று இருக்கிறது. நூறு சின்னக் குறைகளைப் பட்டியல் போட்டவர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டார்கள். அதற்கு வருவதற்கு முன் வழியில் கிடக்கும் தவறான வாதங்களை அகற்ற வேண்டும்.

மாற்றியதே குற்றம் என்பவர்கள், கல்கி என்ன செய்தார் என்பதை நினைவுகூர வேண்டும். அவர் கையில் இருந்தவை சில கல்வெட்டுகள், சில செப்பேடுகள், நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாற்று நூல்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலான சகோதரர்களின் பெயரைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் ஆதித்தனின் தம்பி அருள்மொழி அரியணையை ஏற்கவில்லை, சிற்றப்பன் உத்தம சோழருக்கு ஆட்சி ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தான் என்கிறது. வந்தியத்தேவர் என்ற பெயர் குந்தவையின் கணவர் என்ற அளவில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது.

இவ்வளவுதான் முதல். நந்தினியைக் கல்கி படைத்தார். ஊமை ராணி மந்தாகினியை, ஓடக்காரி பூங்குழலியை, ஆழ்வார்க்கடியானை, மணிமேகலையை அவர்தான் படைத்தார். ஆதித்தன் கொலையைக் கல்வெட்டு தீர்த்துச் சொன்ன பிறகும், கொன்றது யார் என்பதைப் பனிமூட்டத்துக்குள் வைத்தார். மூலத்துக்குப் பணிந்தவர் செய்கிற வேலையா இது? வரலாற்றிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு, இல்லாததைச் சேர்த்து எழுதிய ஒருவரின் நாவலை, அதே உரிமையோடு ஒருவர் படமாக்கும்போது, ‘கல்கியை மீறலாமா’ என்று கேட்பது கல்கியின் முறையையே மறுப்பதாகும்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டியாக வேண்டும். ‘கல்கியையும் மாற்றிவிட்டார்கள், வரலாற்றையும் மாற்றிவிட்டார்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். உத்தம சோழர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் மதுராந்தகன்தான் உத்தம சோழராக முடிசூடினார் என்பது வரலாறு. குழந்தை மாறியதாக எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் மந்தாகினியின் மகன், உண்மையான இளவரசன் நந்தவனத்தில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன் என்பது முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. படம் அந்த ஆள்மாறாட்டத்தை விட்டுவிட்டு, அரண்மனை மதுராந்தகருக்கே முடிசூட்டுகிறது. ஆக, இந்த இடத்தில் படம் கல்கியிடமிருந்து விலகி வரலாற்றுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. எதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யாமலே இரண்டையும் மீறியதாக வழக்குத் தொடுப்பது நியாயமாகாது.

கல்கிக்கும் சினிமாவுக்கும் பகை இருந்தது போலவும், புனிதமான புத்தகத்தை வெளியாள் வந்து தொட்டுவிட்டது போலவும் பேசுவதும் தவறு. 1939இல் கே. சுப்ரமணியம் ‘தியாகபூமி’யைப் படமாக்கியபோது, அந்தப் படத்தின் புகைப்படங்களோடுதான் விகடனில் தொடர் வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வுக்குக் கல்கி வசனம் எழுதினார். ‘கள்வனின் காதலி’ 1955இலும், ‘பார்த்திபன் கனவு’ 1960இலும் திரைக்கு வந்தன. திரையும் பத்திரிகையும் ஒன்றுக்கொன்று கதை கொடுத்து வாங்கிய காலத்தின் நடுவில் நின்றவர் அவர்.

இனி நீளத்தைப் பற்றிய வாதம். ஐந்து பாகத்துக்கு ஐந்து படம் என்பது கணக்குக்கு அழகாக இருக்கிறது. கதைக்கு அது பொருந்துமா?

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் தொடங்கி 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அதன் நீளம் வாரப் பத்திரிகையின் நீளம். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகனைப் பிடித்து நிறுத்தும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும். போன மாதம் நடந்ததை மறந்தவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும். வந்தியத்தேவன் சிக்குகிறான், தப்பிக்கிறான், மறுபடியும் சிக்குகிறான். வாரம் ஒருமுறை படித்தபோது இது பேரின்பம். கதை நடக்கும் காலமோ ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு வருஷத்துக்கும் குறைந்த காலத்தில் நடக்கும் கதையை மூன்றரை வருஷம் சொன்னது பத்திரிகைக் கலையின் சாதனை. அந்த நீளத்தைத் திரையில் அப்படியே பெயர்த்து வைத்தால் சாதனை தங்காது, சுற்றிவளைப்புதான் தங்கும்.

உலகத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பீட்டர் ஜாக்சன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையை 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக எடுத்தபோது, டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை அடியோடு விட்டார். நாயகர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கே குடிபுகுந்த கொடுமையை விரட்டும் கடைசிப் பகுதியையும் விட்டார். நாவல் பற்றாளர்கள் வருந்தினார்கள்; படங்கள் நிலைத்தன. அதே இயக்குநர் ஏறக்குறைய முந்நூறு பக்க ‘தி ஹாபிட்’டை மூன்று படங்களாக இழுத்தார். பக்கத்துக்குப் பக்கம் இடம் இருந்தது, ஆனால் கதை தளர்ந்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 8 பருவம், 73 அத்தியாயம் ஓடியது. அவ்வளவு நீளம் எல்லோருக்கும் கிடைக்காது. அதன் முடிவைப் பற்றித்தான் ரசிகர்கள் இன்றுவரை குமுறுகிறார்கள். நீளம் ஒரு வசதி மட்டுமே. எதைச் சொல்ல வந்தோம் என்ற தெளிவு இல்லாதவருக்கு அந்த வசதியால் பயனில்லை.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் நீளமாக எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை ஏ.பி. நாகராஜன் 1968இல் ஒரே படமாக்கினார். விட்டுப்போனதை இன்று யாராவது பட்டியல் போடுகிறார்களா? 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு ‘பொன்னியின் செல்வ’னையே சென்னையில் மேடை நாடகமாக்கியது. ஐந்து பாகக் கதை ஒரு மாலை நேரத்துக்குள் அடங்கியது, மக்கள் கொண்டாடினார்கள். அந்த நாடகத்தை எழுதிய குமரவேலே பிறகு மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் சேர்ந்து படத்துக்குத் திரைக்கதை எழுதினார். மேடையில் சுருக்கியபோது கைதட்டியவர்கள், திரையில் சுருக்கியபோது துரோகம் என்பது எந்த அளவுகோல்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் படம் கடலில் கப்பல் மூழ்கும் இடத்தில் முடிகிறது. நாவலில் அது இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றின் கடைசிப் பகுதி. ஆக, முதல் படத்துக்கு இரண்டு பாகம், ஏறக்குறைய அதே நீளமுள்ள இரண்டாவது படத்துக்கு மூன்று பாகம். இரண்டாவது படம் மூச்சிரைக்க ஓடுவதற்கு இந்தப் பங்கீடு ஒரு காரணம். ஆனால் இது பங்கீட்டின் பிழை. இரண்டு படங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். இந்தக் கதையின் உயிரைச் சொல்ல அது போதுமான காலம். 1958இல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி அறிவித்தும் எடுக்க முடியாமல் போன, மணிரத்னமே 1980களிலும் 2010களின் தொடக்கத்திலும் முயன்று கைவிட்ட ஒரு கதைக்கு அந்த ஐந்தரை மணி நேரமே அரும்பாடுபட்டுக் கிடைத்தது.

மூன்றாவது வாதத்துக்குத் தேவிகுளத்திலிருந்து பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘படம் பார்த்தவன் வேறு, படித்தவன் வேறு’ என்ற மேட்டிமை, மலைக்குக் கீழே புத்தகக் கடைகளுக்கு நடுவில் வாழ்பவர்களுக்கு எளிதாக வரும். தொடர் நிறைவடைந்த அதே 1954இல்தான் தேவிகுளம், பீர்மேடு தமிழர்கள் தாய்த்தமிழகத்தோடு சேரப் போராடினார்கள். 1956 நவம்பர் 1 அன்று எல்லை வேறு விதமாக முடிவாகி, தேவிகுளம் கேரளத்தில் சேர்ந்தது. அதன் பிறகு தமிழ்ப் புத்தகம் எங்களுக்குப் போடிமெட்டு ஏறி வர வேண்டிய பொருளானது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் எழுத்தறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் போலவே இங்கும் வழி. வாசிப்பவர் வர்ணனையைத் தாண்டுவார், சண்டையை நீட்டுவார், நந்தினி பேசும்போது குரலை மாற்றுவார். காதால் கேட்டவர்களுக்குக் கிடைத்தது அச்சிலிருந்த கல்கி அல்ல, வாசித்தவரின் கல்கி. அவர்களைப் பார்த்து, நீங்கள் உண்மையான வாசகர்கள் அல்ல என்று எவரும் சொல்லத் துணிவாரா?

அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் நாவலை அவர்களிடம் கொடுத்து, இதைப் படித்த பிறகு வா என்று சொன்னால், அவர்கள் வரவே போவதில்லை. வந்தியத்தேவனும் குந்தவையும் பூங்குழலியும் அவர்களுக்குக் கிடைத்தது திரையில், அவர்கள் காதில் விழுந்து பழகிய மொழியில். அந்த வாசலையும் அடைத்துவிட்டுக் கல்கியின் தூய்மையைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

கதை என்பது சொல்பவர் தோறும் மாறும் என்பதை எல்லையோர மக்கள் நன்றாக அறிவார்கள். எங்கள் மலையின் முதுவான் பழங்குடி மக்கள் தாங்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்த வரலாற்றைச் சொல்வார்கள். அதற்குப் பல வடிவங்கள் உண்டு, எந்த வடிவத்தையும் அவர்கள் பொய் என்று தள்ளுவதில்லை. 2025 ஆகஸ்டில் ‘லோகா’ மலையாளப் படம் வந்தது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யிலும் நாட்டார் பாட்டுகளிலும் உயிர் குடிக்கும் யட்சியாக வாழ்ந்த கள்ளியங்காட்டு நீலி, அதில் மனிதர்களைக் காக்கும் வீராங்கனையாக வந்தாள். நீலியைக் கெடுத்துவிட்டார்கள் என்று மலையாள வாசகர்கள் தெருவுக்கு வரவில்லை. நீலி எந்த ஒரு புத்தகத்துக்கும் சொந்தமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எழுபது வருஷம் தமிழர் நாவில் புரண்ட பிறகு வந்தியத்தேவனும் அந்த நிலையை அடைந்துவிட்டான். அவனை ஒரு பதிப்புக்குள் பூட்டி வைக்க நினைப்பது அவனுடைய வெற்றியை மறுப்பதற்குச் சமம்.

தோட்டத்தில் கொழுந்தை எடை போட்டுக் கூலி கொடுப்பார்கள். தேயிலையின் தரத்தைக் குவளையில் ஊற்றிக் குடித்துத்தான் சொல்வார்கள். படத்தைப் பழித்தவர்கள் எடை போட்டதோடு நின்றுவிட்டார்கள். எத்தனை அத்தியாயம் குறைந்தது, யார் முகம் ஓவியர் மணியம் வரைந்தது போல இல்லை, எந்த நகை அந்தக் காலத்தது இல்லை என்று எண்ணினார்கள். இந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது, அது படத்தில் வந்து சேர்ந்ததா என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டால், படத்தின் உண்மையான குறை தெரியும்.

கல்கி தன் ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர் வைத்தார். கையில் வந்த மணிமுடியை அருள்மொழிவர்மன் இன்னொருவன் தலையில் வைப்பதுதான் கதை ஏறி நிற்கும் உச்சி. செப்பேட்டில் இருந்த இந்தச் செய்தியைக் கல்கி அப்படியே எழுதியிருக்கலாம். அவர் அதில் ஒரு மாற்றம் செய்தார். முடி யார் தலைக்குப் போகிறது? தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொண்டு, பேச்சும் செவிப்புலனும் இல்லாத வாணி அம்மையிடம் வளர்ந்த சேந்தன் அமுதன் தலைக்கு. அவனோடு அரியணையில் அமர்வது யார்? கோடிக்கரை கலங்கரை விளக்கக் காவலரின் மகள், கடலில் தனியாகப் படகோட்டிய பூங்குழலி. பிறப்பால் அவன் அரசகுலம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அரச வாழ்வின் வாடையே படாமல், கையால் வேலை செய்து வளர்ந்தவன். அரண்மனையில் வளர்ந்து அரியணைக்காகச் சதி செய்தவன் விலக்கப்படுகிறான். பதவியை நினைத்தே பார்க்காத உழைப்பாளி அழைக்கப்படுகிறான். விடுதலை பெற்ற சில வருஷங்களில், நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்த காலத்தில், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற ஒரு காந்தியவாதி எழுதிய முடிவு இது. ஆளத் தகுதி ஆசையில் இல்லை என்று அவர் தன் காலத்துக்குச் சொன்னார். இந்த நாவலில் கல்வெட்டு சொல்லாத, கல்கி மட்டுமே சொன்ன செய்தி இதுதான்.

படம் விட்டுக்கொடுத்தலை வைத்துக்கொண்டது. அதைப் பெறுபவனை மாற்றிவிட்டது. சதியில் கலந்து, பிறகு திருந்திய மதுராந்தகருக்கே முடி போகிறது. சேந்தன் அமுதனும் பூங்குழலியும் கதையின் ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். கிரீடம் அரண்மனைக்குள்ளேயே கைமாறுகிறது. அருள்மொழியின் தியாகம் குடும்பத்துக்குள் நடந்த பெருந்தன்மையாகச் சுருங்குகிறது.

வரலாற்றுக்கு நெருக்கமாகப் போனார்கள் என்று சற்று முன் நானே சொன்னேனே என்று கேட்கலாம். அதைக் குற்றமில்லை என்று சொன்னேன். போதும் என்று சொல்லவில்லை. வரலாறுதான் காரணம் என்றால் நந்தினி இருந்திருக்கக் கூடாது, மந்தாகினி இருந்திருக்கக் கூடாது. அவர்கள் இருவரும் கல்கியின் கற்பனையே. நேரமில்லை என்பதும் பொருந்தாது. இரண்டாவது படத்தின் இறுதியில் இராட்டிரகூடரோடு ஒரு போர் வருகிறது. நாவலில் அது இல்லை. புதிதாக ஒரு போருக்கு இடம் கண்டவர்களுக்கு மாலை கட்டுகிறவனுக்கு இடம் காண முடியாமல் போனதை நான் மன்னிக்கவில்லை. மணிமேகலை இல்லாததைப் பொறுக்கலாம், நிகழ்ச்சிகளின் வரிசை மாறியதைப் பொறுக்கலாம். கொழுந்து பறித்தும் கல் உடைத்தும் வாழ்கிற மக்கள் நடுவிலிருந்து இந்தக் கதையைப் பார்க்கும் எனக்கு, கதையில் நம்மவர் அரியணை வரை போன ஒரே இடம் அழிக்கப்பட்டதைப் பொறுக்க முடியவில்லை.

ஆக, நீயும் நாவலுக்கு விசுவாசம்தானே கேட்கிறாய் என்பார்கள். ஆம், கேட்கிறேன். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒத்துப்போகும் விசுவாசத்தை நான் கேட்கவில்லை. ஒரு கதை எந்த நியாயத்துக்காகச் சொல்லப்பட்டதோ, அந்த நியாயத்துக்கு விசுவாசம் வேண்டும் என்கிறேன். அதைக் காப்பாற்றி நூறு பாத்திரங்களை வெட்டினாலும் நான் எதிர்க்க மாட்டேன். அதை விட்டுவிட்டுப் பத்துப் படம் எடுத்தாலும் கல்கி வந்து சேர மாட்டார். தொடர் சட்டென்று முடிந்துவிட்டது என்று அன்றைய வாசகர்களே குறைபட, கல்கி முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்காலத்தை விளக்க வேண்டியிருந்தது. மனக்குறை அப்போதும் இருந்தது, எப்போதும் இருக்கும். அந்தக் குறையை எதை நோக்கித் திருப்புகிறோம் என்பதில்தான் வாசகரின் பொறுப்பு இருக்கிறது.

அந்தப் பொறுப்புக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ நாவலின் திரை உரிமை தன்னிடம் இருப்பதாக இயக்குநர் ஷங்கர் அறிவித்திருக்கிறார். பறம்பு மலையையும் அதன் வளங்களையும் மூவேந்தர்களிடமிருந்து காக்க நின்ற மலைத்தலைவனின் கதை அது. படம் வந்த பிறகு எந்த அத்தியாயம் இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை. படம் உருவாகும்போதே வாசகர்கள் உரக்கக் கேட்க வேண்டியது இதை: மலை யாருடையது என்று அந்த நாவல் சொல்கிறதே, அது திரையில் இருக்குமா, அல்லது மூன்று பேரரசுகளின் யானைப்படையும் தேர்ப்படையும் மட்டும்தான் இருக்குமா? தேவிகுளம் மலையில் வாழ்கிற நாங்கள் அதைக் கேட்போம். சமவெளியில் இருக்கும் வாசகர்களும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.